மலையேற்றத்தில் ஏறிய உயரத்தை ஃபோன் சரியாகக் காட்டுமா?

ஒரே பாதையில் நடந்த இருவரின் ஃபோன்கள் வேறு வேறு ஏற்றம் காட்டுவது சகஜம். ஃபோன் உயரத்தைக் கணிக்க உதவும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான். கீழே உள்ளவற்றைப் பூமி மறைத்துவிடும். அதனால் ஜிபிஎஸ்ஸில் உயரத்தில் வரும் பிழை பொதுவாக, தரையில் எங்கே நிற்கிறோம் என்பதில் வரும் பிழையைவிட அதிகம். உச்சியின் உயரம் பத்து மீட்டர் தவறினால் பரவாயில்லை. மொத்த ஏற்றத்தில்தான் சிக்கல்: சமதளத்தில் நடந்தாலும் அளவு மேலும் கீழுமாக ஆடும், ஒவ்வொரு குட்டி ஏற்றமும் கணக்கில் சேரும். அதை வடிகட்டும் விதம் செயலிக்குச் செயலி மாறும்.

காற்றழுத்தமானி உள்ள கருவி இதில் எவ்வளவோ மேல். கடல்மட்டத்துக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும்; அதைவிடச் சிறிய மாற்றத்தையும் அது உணரும். நடுவில் வானிலை மாறினால் மட்டும் ஏமாறும்.

அப்புறம், மெரினா கடற்கரையில் சில செயலிகள் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். பயப்பட வேண்டாம், அது கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரம். இந்த வித்தியாசம் பாதை முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஏற்றக் கணக்கில் கழிந்துவிடும்.