நாய் படுக்கிற இடம் தெரிந்த பிறகு சோபா வாங்குங்கள்

போன இதழில் ஒரு வாசகருக்கு, "நாய் இருக்கிற வீட்டில் பளபளா டைல்ஸ் வேண்டாம்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. திட்டியவர்கள் எல்லோரும் சமீபத்தில் டைல்ஸ் போட்டவர்கள் என்று நினைக்கிறேன். சரி, இந்த இதழ் முழுக்க நாய் வீடுதான். பாண்டிச்சேரி, கடலூர் வட்டாரக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். உப்புக் காற்றும் புழுக்கமும் இரண்டு ஊருக்கும் பொது, நானும் இங்கே இரண்டு நாட்டு நாய்களிடம் வீட்டைப் பறிகொடுத்தவள்.

கேள்வி: புது வீடு கட்டுகிறோம், பூச்சு வேலை முடிந்து தரைக்கு வந்துவிட்டோம். நான்கு வயது லாப்ரடார் இருக்கிறது. ஹாலுக்குப் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸ்தான் என்று என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அப்படி என்ன கெடுதல்? வேறு என்ன போடலாம்?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: அந்த டைல்ஸ் மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, அதே ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். நாய்க்கு அப்படித்தான் இருக்கும். ஓடுகிற நாய் நகத்தை ஊன்றித்தான் திரும்பும். மண்ணில் நகம் இறங்கும், பாலிஷ் போட்ட டைல்ஸில் எங்கே இறங்குவது, பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும். லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வர வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். இளசாக இருக்கும்போது சறுக்கினால் நமக்குச் சிரிப்பாக இருக்கும். ஒன்பது பத்து வயதில் அதே நாய் தண்ணீர்க் கிண்ணம் வரை நடக்க யோசிக்கும்.

மேட் ஃபினிஷ் வாங்குங்கள். நல்ல கம்பெனி கேட்லாக்கில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பார்கள், எண் கூடக் கூட வழுக்கல் குறைவு. ஹாலுக்கு ஆர்10 போதும். அதற்கு மேல் சொரசொரப்பாகப் போனால் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், துடைக்கிறவர் உங்களைச் சபிப்பார்; ஆர்11-ஐ வாசலுக்கும் நாயைக் குளிப்பாட்டும் இடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு இந்த எண்ணெல்லாம் தெரியவில்லையென்றால் ஒரு டைல்ஸைக் கீழே போட்டு, தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். முறைப்பார். பரவாயில்லை.

டைல்ஸுக்கு நடுவே இருக்கிற இடுக்கை யாரும் கேட்பதேயில்லை. அதை அடைக்கிற சாதா சிமென்ட் கிரவுட் மூத்திரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஏறும்போது அந்த வாடை எழும்பும், நாய் முகர்ந்து பார்த்து 'நம்ம இடம்தான்' என்று மறுபடி அங்கேயே காலைத் தூக்கும். எபாக்ஸி கிரவுட் போடச் சொல்லுங்கள், விலை கூடத்தான், ஆனால் உறிஞ்சாது. கடப்பா, கோட்டா, ஆத்தங்குடி போடலாமா என்று இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதெல்லாம் ஆசைதான். ஆனால் முதல் இரண்டும் சுண்ணாம்புக் கல், ஆத்தங்குடி சிமென்ட். மூத்திரம் தேங்கினால் கறை விழும், வினிகரோ ஆசிடோ பட்டால் அரித்துவிடும். உடனே துடைக்க வீட்டில் ஆள் இருந்தால் போடுங்கள். துடைக்கும்போது அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அந்த நெடி நாய்க்கு மூத்திரம் மாதிரியே படும். என்சைம் கலந்தது செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது.

இதெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை, ஒரு நோட்டு எடுத்து, இப்போது இருக்கிற வீட்டில் உங்கள் நாய் காலை 6 மணிக்கு, 11 மணிக்கு, பிற்பகல் 3 மணிக்கு, ராத்திரி 10 மணிக்கு எங்கே படுக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றே இடம் வரும்: வாசலைப் பார்க்கிற ஒரு மூலை, தரை குளுகுளுவென்று இருக்கிற ஒரு மூலை, நீங்கள் உட்காருகிற இடத்திலிருந்து நாலடிக்குள் ஒன்று. புது வீட்டு பிளானில் அந்த மூன்றையும் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் டிவி எங்கே, சோபா எங்கே என்று பேசுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மாடிப்படிக்கு அடியில் தேக்கில் அழகான கட்டில், மெத்தை, ஓரத்தில் சின்ன விளக்கு எல்லாம் வைத்து ஆசை ஆசையாகச் செய்தேன். மூத்தவள் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போய் பாத்ரூம் வாசலில் படுத்துக்கொண்டாள். இப்போது அந்தக் கட்டிலில் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டைல்ஸ் போட்டாயிற்று. இப்போது சொல்கிறீர்களே!
– ஆறு வாசகர்கள், பல ஊர்கள்

பதில்: அடியில் ரப்பர் ஒட்டிய நீள விரிப்பு வாங்கி நாய் நடக்கிற தடத்தில் மட்டும் போடுங்கள். தடம் எது என்று அந்த நோட்டு சொல்லும். நகத்தை வெட்டி, பாதத்துக்கு நடுவே வளரும் முடியையும் ஒட்டக் கத்தரித்துவிட்டால் பாதிச் சறுக்கல் போய்விடும், செலவும் இல்லை.

கேள்வி: தாத்தா காலத்து ஓட்டு வீடு. திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணற்றடி. புதுப்பிக்கப் போகிறோம். மழை அடிக்கிறது, முற்றத்தை மூடிவிடலாம் என்கிறார் கொத்தனார். இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் வளர்க்கிறோம். மூடினால் ஹால் பெரிதாகும் என்று அண்ணனும் சொல்கிறார்.
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: மூடாதீர்கள் தம்பி. அண்ணனிடம் நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

நாய்க்கு நம்மை மாதிரி உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும், அதாவது நாக்கிலும் தொண்டையிலும் இருக்கிற ஈரம் காய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் எங்கே காய்கிறது? அதனால் காற்று நகர்வது நமக்கு சுகம், அதற்கு உயிர். முற்றத்து வழியே சூடு மேலே போய்விடும், மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பினால் வாசல் வழியே உள்ளே இழுக்கும். மழைச் சாரல்தான் பிரச்சினை என்றால் மேலே கம்பி போட்டு, ஓரம் திறந்திருக்கிற மாதிரி தூக்கி ஒரு கண்ணாடிக் கூரை வைக்கச் சொல்லுங்கள். திண்ணையும் கிணற்றடியும் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கின்றன: வெளியிலிருந்து வந்தால் கிணற்றடியில் கால் கழுவல், தெருவை வேடிக்கை பார்க்கத் திண்ணை, மதியத் தூக்கத்துக்கு முற்றத்து ஓரம். இதையே புதிதாகக் கட்டித்தர நிறையப் பணம் கேட்கிறோம், வீடு வடிவமைக்கிற எங்கள் தொழிலில்.

பழைய வீட்டில் ஒரு சங்கடம் உண்டு, உண்ணி. நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதி உங்கள் சுவரில் இருக்கும். வீட்டு நாய்களில் ஏறுகிற பழுப்பு உண்ணி ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலிலும் நிலைச் சட்டத்து இடுக்கிலும் போய் ஒளியும். ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும், உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாது. நாய்க்கு மருந்து மட்டும் போட்டுவிட்டு உண்ணிக் காய்ச்சல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கும்போது விரிசலை எல்லாம் அடைத்து, தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கழுவக்கூடிய பெயின்ட் அடித்துவிடுங்கள். நாய் முதுகைத் தேய்க்கிற அழுக்கும் அந்த மூன்றடியில்தான் வரும். நம் பழைய வீடுகளில் பாதிச் சுவருக்கு ஆயில் பெயின்ட் அடிப்பார்களே, அதேதான், நல்ல நிறமாக எடுத்தால் இப்போதும் அழகு.

கேள்வி: தினமும் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன். திரும்பி வந்தால் வீடு முழுக்க மணல், சோபா முழுக்க மணல். மனைவி எனக்கும் நாய்க்கும் சேர்த்துக் கதவைச் சாத்துகிறார்.
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அவர் செய்வது சரி. வாசலுக்கு வெளியே இரண்டரை அடிக்கு மூன்றடியில் ஒரு தொட்டித் தளம், நாலு அங்குலத் தடுப்பு, முழங்கால் உயரத்தில் கைப்பிடி ஷவரோடு ஒரு குழாய், துவாலைக்கு ஒரு கொக்கி. வடிகால் வாயில் ஒரு வலைக் கிண்ணம் வையுங்கள், மணல் அதில் நின்றுவிடும், குழாய் அடைக்காது. கொக்கி, குழாய், கேட் தாழ்ப்பாள் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், 304 கடலோரத்தில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும், இரும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை மட்டும் நனைத்தால் போதாது, உப்புத் தண்ணீர் வயிற்றடியிலும் விரலிடுக்கிலும் நின்றால் அரிப்பு வந்து நக்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: எந்த நிறத்தில் சோபா வாங்கினால் முடி தெரியாது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் நாயின் நிறத்தில். நெசவு மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், நூல் வளையம் வளையமாக நிற்கிற துணியில் நகம் மாட்டிக்கொள்ளும். உறையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். ரெக்சின் துடைக்க வசதி, ஆனால் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து உரியும்.

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. நாய் வைத்திருந்தால் லிஃப்டில் வரக் கூடாது என்று சங்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பால்கனியைச் செடிகளோடு அழகாக்க ஆசை, குட்டிக்கு ஐந்து மாதம்.
– வாசகர், ரெட்டியார்பாளையம்

பதில்: நாய் வளர்க்கக் கூடாது என்றோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்ச் சிரித்த முகமாகக் கொடுங்கள், கூடவே நாய் அசிங்கம் செய்தால் நீங்களே அள்ளிப்போடுங்கள், வழிகாட்டுதலைவிட அது வேகமாக வேலை செய்யும்.

பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழைகிறதா பாருங்கள், தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்; வலை அடித்துவிடுங்கள். செடியில் அரளி, மஞ்சள் அரளி, அடீனியம், சைகஸ் நான்கும் வேண்டவே வேண்டாம், கடித்தால் உயிருக்கே ஆபத்து. நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு நிற்பதால் சொல்கிறேன். மணி பிளான்ட் வாயை எரிக்கும், உயரத்தில் தொங்கவிடுங்கள். மல்லிகை, அரிகா பாம் தாராளமாக வைக்கலாம். அலமாரியில் பாச்சை உருண்டை போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், குட்டிகள் மிட்டாய் மாதிரி விழுங்கும், விஷம்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். நாயைச் சமையல் மேடையில் உட்காரவைத்தோம். கீழ்த்தளம் மட்டும்தான் எங்களுக்கு. அடுத்த முறைக்கு என்ன செய்யலாம்?
– வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: 2011-ல் 'தானே', 2024-ல் 'ஃபெஞ்சல்' என்று நம் பக்கம் கரையேறுகிற புயல்கள் ஓய்வதாக இல்லை, இதை வீட்டு அமைப்பிலேயே யோசிப்பதுதான் நல்லது. ஹாலில் சுவரோரமாக இரண்டரை அடி உயரத்தில் கல் மேடை கட்டுங்கள், கீழே காலியாக விடுங்கள், பக்கத்தில் இரண்டு படி. சாதாரண நாளில் மேலே நீங்கள் உட்காரலாம், கீழே நாய் படுக்கும், தீபாவளிக்கு ஒளியவும் அதுவே இடம். தண்ணீர் வந்தால் நாய் மேலே ஏறிக்கொள்ளும். தீனி மூட்டை, மருந்து, கழுத்துப்பட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் மேடைக்கு மேலே ஒரு மூடி போட்ட டப்பாவில். மரத்தில் செய்யாதீர்கள், ஊறிவிடும். வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், அதற்கான தடுப்பூசியும் ஆண்டுதோறும் போடுவதில் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? வாசலில் ஒரு சங்கிலி போதாதா? எங்கள் அப்பா அப்படித்தான் வளர்த்தார்.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குட்டையான சங்கிலியில் நேரம் காலம் இல்லாமல் கட்டிப்போடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்பா காலத்திலும் குற்றம்தான்.

கேள்வி: உங்கள் நாய்கள் இரண்டும் இப்போது எங்கே படுத்திருக்கின்றன?
– வாசகி, அரியாங்குப்பம்

பதில்: மூத்தவள் பாத்ரூம் வாசலில். சின்னவன் உங்கள் எல்லோருடைய கடிதங்கள் மேலும். வில்லியனூரிலிருந்து மாடிப்படி பற்றிக் கேட்ட வாசகர் மட்டும் தயவுசெய்து மறுபடி எழுதுங்கள், இரண்டாவது பக்கம் கிடைக்கவில்லை.