மிச்ச நூலில் ஒரு போர்வை

வணக்கம் மேடம்,

மயூர் விஹாரில் இருக்கிறேன். மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. டெல்லிக் குளிருக்கு எங்கள் குடும்பம் முழுவதற்கும் ஸ்வெட்டர் பின்னிப் போட்டவள் என் மனைவி. இப்போது முடக்குவாதம், விரல்களால் ஊசி பிடிக்க முடிவதில்லை. அவளுடைய டிரங்குப் பெட்டி நிறைய மிச்ச உல்லன் உருண்டைகள் கிடக்கின்றன. நான் யூடியூப் பார்த்து குரோஷா கற்றுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் அந்த நூலிலேயே சதுரம் சதுரமாகப் போட்டு வருகிறேன். டிசம்பரில் எங்கள் கல்யாண நாள். அதற்குள் போர்வையாக்கிக் கொடுக்க ஆசை. 64 சதுரம் முடிந்திருக்கிறது. ஆனால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிலது ஓரத்தில் அலை அலையாகத் தூக்கிக்கொள்கிறது. பெட்டியில் கிளிப்பச்சை மட்டும் நிறைய இருக்கிறது, எதற்கு வாங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. காலையில் பார்க்கில் உட்கார்ந்துதான் போடுகிறேன். நடக்க வரும் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., டெல்லி

அன்புள்ள ஐயா,

முதலில் கைவேலையைப் பார்த்துவிடுவோம், மற்றது அப்புறம்.

சதுரங்கள் ஒரே அளவில் வராததற்கு உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய நூலில் தடிமனும் இருக்கும், குழந்தைக்கு எடுத்த மெல்லிசும் இருக்கும். ஒரே ஊசியில் ஒரே எண்ணிக்கை போட்டாலும் அளவு மாறத்தான் செய்யும். இனிமேல் மெல்லிய நூலை இரட்டையாகச் சேர்த்துப் பிடித்துப் போடுங்கள். ஏற்கெனவே போட்ட சிறிய சதுரங்களைப் பிரிக்க வேண்டாம், சுற்றி இன்னொரு வரிசை போட்டால் போதும். இன்னொன்றையும் பாருங்கள். அமெரிக்க வீடியோவில் டபுள் குரோஷா என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறைப் புத்தகங்கள் டிரெபிள் என்று சொல்கின்றன. பிரிட்டிஷ் முறையில் டபுள் என்றால் அது வேறு, குட்டையான பின்னல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் போட்டிருந்தால் சில சதுரங்கள் இறுகிச் சிறுத்துத்தான் வரும்.

அலை அலையாகத் தூக்குவது பின்னல் கூடிப்போனதால். குறைந்துபோனால் கிண்ணம் மாதிரி குவியும். கணக்கு எளிது: ஒரே துளையில் சேர்த்துப் போடும் மூன்று பின்னல் ஒரு கொத்து. இரண்டாம் சுற்றில் பக்கத்துக்கு இரண்டு கொத்து, மூன்றாம் சுற்றில் மூன்று, நான்காம் சுற்றில் நான்கு. இது தப்பாமல் இருந்தால் சதுரம் தட்டையாகப் படிந்து கிடக்கும்.

கடைசி வரிசையை மட்டும் எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறத்தில் போடுங்கள். அதற்கு மட்டும் புது நூல் வாங்குங்கள், லேபிளில் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து மொத்தமாக. அடுத்த மாதம் போய் அதே நிறம் கேட்டால் சாயம் ஒரு பொட்டு மாறியிருக்கும். என்னைக் கேட்டால் கறுப்பு. எத்தனை நிறம் முட்டி மோதினாலும் கறுப்பு ஓரம் சேர்த்துப் பிடித்துவிடும். கல்யாண நாளுக்குக் கறுப்பா என்று வீட்டில் யாருக்காவது மனசு சங்கடப்பட்டால் அரக்கு.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, நூல் எது என்பது. லேபிள் இல்லாத உருண்டை ஒவ்வொன்றிலும் விரல் நீளம் வெட்டி, பழைய எவர்சில்வர் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். அசல் கம்பளி என்றால் முடி பொசுங்குகிற நாற்றம் வரும், ஆறிய கரியை நசுக்கினால் பொடிப்பொடியாகும். அக்ரிலிக் உருகும், ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காமல் இருப்பது நல்லது. வெந்நீரிலோ வாஷிங் மெஷினிலோ போட்டால் கம்பளி சுருங்கிக் கெட்டிப்படும், அக்ரிலிக் அப்படியே இருக்கும். ஒரே சலவையில் போர்வை இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், மினுமினுத்துத் தொங்கிப்போகும்.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்ததுக்கு வருகிறேன். ரகசியத்தை விட்டுவிடுங்கள் ஐயா.

ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் இருந்த என் பெரியம்மா, புது மருமகளுக்காக ஒரு குளிர்காலம் முழுக்க ஒளித்து ஒளித்து ஒரு போர்வை போட்டார். அசல் கம்பளி, விலை பார்க்காமல் வாங்கியது. அண்ணிக்குக் கம்பளி உடம்பில் பட்டாலே ஆகாது. மாமியார் ஆசையாகக் கொடுத்தது என்று இரண்டு ராத்திரி பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் காபி கொடுக்கக் குனிந்தபோது கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. பெரியம்மா ஒன்றும் பேசாமல் போர்வையை மடித்து அந்துருண்டை போட்டு உள்ளே வைத்துவிட்டார். இரண்டு பேருமே நல்லவர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டு பேருமே வருத்தப்பட்டிருக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் கேட்பதற்கு இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. அது அவர் நூல். ஒவ்வொரு உருண்டையும் யாருக்கோ பின்னிய ஸ்வெட்டரின் மிச்சம். நீல உருண்டை பையனின் பள்ளிக்கூட ஸ்வெட்டராக இருக்கலாம், ரோஜா நிறம் ஊரிலிருந்து வந்த தங்கைக்குப் போட்ட ஷாலாக இருக்கலாம். உங்களுக்கு அது வெறும் நிறம், அவருக்கு யார், எந்த வருடம் என்று தெரியும். அதைக் கேட்காமல் போர்வையை முடித்துவிட்டால் பாதிப் போர்வைதான் கிடைக்கும்.

ஊசி பிடிக்க முடியாதவர் நிறம் அடுக்க முடியாதவர் இல்லை. 64 சதுரத்தையும் கட்டில் மேல் பரப்பி, பக்கத்தில் நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். எதன் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அவர் கை காட்டட்டும், நீங்கள் எடுத்து வையுங்கள். குரோஷாவில் இதற்கு இடம் இருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் கின்னஸ் சாதனைக்காக ஒரு குரோஷா போர்வை விரித்தார்கள், 11,000 சதுர மீட்டருக்கும் மேல். எத்தனையோ பெண்கள் அவரவர் வீட்டில் போட்ட துண்டுகளைச் சேர்த்துத்தான் அது ஆனது. உங்கள் வீட்டில் இரண்டே பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

டிசம்பருக்குள் முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சதுரம் 12 சென்டிமீட்டர் என்றால் ஒருவர் போர்த்திக்கொள்ளக் குறுக்கே 10, நெடுக்கே 13, ஆக 130 வேண்டும். பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை நீங்கள். சதுரத்துக்கு நான்கு நிறம் என்றால், நிறத்துக்குத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று எட்டு நூல் வால் தொங்கும், மொத்தம் ஆயிரத்துக்கு மேல். அதையெல்லாம் கடைசிக்கு வைக்காமல் அன்றன்றே ஊசியில் கோத்து உள்ளே மறைத்துவிடுங்கள். கல்யாண நாளுக்குப் பாதியாக இருந்தாலும் மடியில் போட்டுக்கொள்ளலாம். ஜனவரிக் குளிருக்கு முழுசாக இருந்தால் போதும்.

பார்க் நண்பர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இமாசலத்தில் ஆடு மேய்க்கும் ஆண்கள் மலைப்பாதையில் நடந்துகொண்டே தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் நூற்புக் கதிரில், கம்பளி நூற்பார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் பாட்டுக்குப் போடுங்கள். இனிமேல் வீட்டு பால்கனியிலேயே போடலாமே, மதிய வெயிலில், அவர் பக்கத்தில்.

அந்தக் கிளிப்பச்சை யாருக்காக வாங்கியது என்று இன்றைக்கே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.