ஆரத்தித் தட்டும் ஓர் ஏக்கமும்

கேள்வி: எனக்கு 42 வயது. மாட்டுங்காவில் அம்மாவோடு இருக்கிறேன். ஃபோர்ட்டில் வங்கி வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதில் பெரிய வருத்தமும் இருந்ததில்லை. சமீபத்தில் சித்தி மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தேன். "நீ வேண்டாம்டீ, சுமங்கலியா ரெண்டு பேர் வரட்டும்" என்று ஒரு மாமி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து நான் பாதி ஆள்தானோ என்று தோன்றுகிறது. குழந்தைகளைப் பார்த்தாலும் ஏக்கம் வருகிறது. அது என்னுடையதா, ஊர் என் தலையில் ஏற்றியதா?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தட்டை என்னிடமிருந்தும் வாங்கியிருக்கிறார்கள்.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஆரத்தி கரைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் என் கையில்தான் நல்ல சிவப்பாக வரும் என்பார்கள். கணவர் போன பிறகு வந்த முதல் வளைகாப்பில், அதே பெண்கள் என்னை உள்ளே உட்காரச் சொன்னார்கள். அதே கைதானே எனக்கு? நேற்றுவரை முழுமையானவள், இன்று குறைப்பட்டவள் என்றால், அந்த முழுமை ஒருநாளும் என்னிடம் இருந்ததில்லை. அவர்கள் கொடுத்தார்கள், அவர்களே வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் ஆகியிருந்தால் உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, இது புரிந்தும் மனசு ஏன் கேட்பதில்லை? சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருந்தவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு தவறான கோட்டைச் சொன்னார்கள். விஷயம் தெரியாமல் வந்தவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அந்தத் தவறுக்கு ஆமாம் போட்டார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டிலேயே இப்படி என்றால், பாவாடை கட்டிய வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும்! உங்கள் மனசு பலவீனமானது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

அதே சோதனையில், கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைச் சொன்னபோது, இப்படி ஒத்துப்போவது சுமார் கால்பங்காகக் குறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் அந்த ஒருவர் என் நாத்தனார். தன் மகள் கல்யாணத்தில், "மன்னி எடுக்காம வேற யார் ஆரத்தி எடுப்பா?" என்று தட்டை என் கையில் வைத்தாள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பந்தி போட்டதும் அதுவும் நின்றது.

அதனால் மாமிகளோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பக்கம் நின்று பேசும் ஒருவரைத் தேடுங்கள். முதலில் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். சபையில் வாயைத் திறக்கப் பயந்தே நிறைய அம்மாக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

குழந்தை ஏக்கத்தை இதோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசேஷ வீட்டிலிருந்து திரும்பும்போது மட்டும் வருகிறதென்றால், அது அந்த வீட்டுப் பேச்சின் மிச்சம். யாரும் எதுவும் கேட்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலும் வருகிறதென்றால் அது உங்களுடையதுதான். கல்யாணமாகாத பெண் தத்தெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனியாகத் தத்தெடுப்பவருக்கு 40 வயதுக்கு மேல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது. 45 வயது வரை, இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்குப் பதியலாம். பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. அப்புறம் காத்திருப்பும் நீளும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று பட்டால் விட்டுவிடுங்கள். அதற்கு எந்த மாமிக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.