அயர்லாந்து சுற்றுலா: தவணையில் செல்வதா, வைப்புத் தொகையை எடுப்பதா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், வயது 64. மாத ஓய்வூதியம் 48,000 ரூபாய், வீட்டுச் செலவு 32,000 ரூபாய். 2024-இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 20 லட்சம் போட்டேன். எட்டு மாதத்தில் முதிரும் வங்கி வைப்பு 9 லட்சமும், சேமிப்புக் கணக்கில் இரண்டரை லட்சமும் இருக்கின்றன. கடன் இல்லை; இருவருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. வரும் ஜூலையில் நானும் மனைவியும் வழிகாட்டியுடன் கூடிய பத்து நாள் அயர்லாந்து சுற்றுலா செல்ல விரும்புகிறோம். விமானக் கட்டணம் உட்பட ஒருவருக்கு 3,90,000 ரூபாய் என்றும், 12 மாத வட்டியில்லாத் தவணையில் செலுத்தலாம் என்றும் சுற்றுலா நிறுவனம் சொல்கிறது. தவணையில் செல்லலாமா, அல்லது மூத்த குடிமக்கள் திட்டக் கணக்கை முடித்துக்கொள்ளலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: இரண்டுமே வேண்டாம். பயணத்தை அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிவைத்தால், கடனும் இல்லாமல், முதிர்வுக்கு முன் எதையும் உடைக்காமல் நீங்கள் போய்வர முடியும்.

இருவருக்கும் சேர்த்து 7,80,000 ரூபாய் என்றால் மாதத் தவணை 65,000 ரூபாய். மூத்த குடிமக்கள் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களுக்கு வரும் வட்டி 41,000 ரூபாய். அதை மாதத்துக்குப் பகிர்ந்து ஓய்வூதியத்துடன் கூட்டினாலும் மொத்த வருமானம் 62,000 ரூபாயைத் தொடவில்லை. அதாவது ஒரு மாதம் சமைக்காமல் இருந்தால்கூட அந்தத் தவணையைக் கட்ட முடியாது. எப்படியும் சேமிப்பிலிருந்துதான் எடுக்கப்போகிறீர்கள். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதன் உண்மை விலையை அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: முழுத் தொகையையும் இன்றே செலுத்தினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைக்கப்படும் தொகைதான் வட்டி. செயலாக்கக் கட்டணம் அதற்கு மேல். மூத்த குடிமக்கள் திட்டத்திலோ பகுதியாகப் பணம் எடுக்க வழியில்லை; கணக்கையே மூட வேண்டும். இரண்டு ஆண்டுகள் நிறைவதற்கு முன் மூடினால் 1.5 சதவீதமும், அதன் பின் 1 சதவீதமும் அசலில் பிடிப்பார்கள். இருபது லட்சத்துக்கு அது முறையே 30,000, 20,000 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு, 2029 வரை உங்களுக்கு உறுதியாகியுள்ள வட்டி விகிதம் கைவிட்டுப் போவது.

அடுத்ததாக, 7,80,000 ரூபாய் உங்கள் பயணத்தின் செலவு அன்று. அது அந்த நிறுவனத்தின் கட்டணம் மட்டுமே. நீங்கள் அனுப்பிய விவரத்தாளில் காலை உணவும் நான்கு இரவு உணவும்தான் அடங்கியுள்ளன. ஒன்பது மதிய உணவுக்குத் தலா 20 யூரோ, ஐந்து இரவு உணவுக்குத் தலா 30 யூரோ என்று மதிப்பிட்டு, ஒரு யூரோவை 105 ரூபாயாக வைத்துக்கொண்டால், இருவருக்கும் சுமார் 69,000 ரூபாய் ஆகிறது. ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 39,000 ரூபாய். விருப்பத்தேர்வு நிகழ்ச்சிகளுக்கு 32,000, விசா, பயணக் காப்பீடு, அன்பளிப்பு, சில்லறைச் செலவுகளுக்கு 60,000 என்று என் மதிப்பீட்டைச் சேர்த்தால், மொத்தம் 9,80,000 ரூபாயை எட்டுகிறது. விலை ரூபாயில் சொல்லப்பட்டிருந்தாலும், மாற்று விகித வேறுபாட்டைப் பயணியே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கு மேல் டி.சி.எஸ். எனப்படும் முன்வரி பிடிக்கப்படும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கு 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று வந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. பட்ஜெட்டுதோறும் மாறக்கூடிய விகிதம் இது என்பதால், பணம் செலுத்தும் நாளில் எது நடைமுறையில் உள்ளதோ அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது செலவு அன்று. உங்கள் பான் எண்ணின் கணக்கில் சேர்ந்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கிடைக்கும். உங்கள் வருமானம் புதிய வரி முறையின் 12 லட்ச ரூபாய்த் தள்ளுபடி எல்லைக்குள் இருப்பதால் முழுத் தொகையும் திரும்பிவிடும். ஆனால் தாக்கல் செய்தால்தான். வரியே இல்லையே என்று தாக்கல் செய்யாமல் விட்டு இந்தப் பணத்தை இழக்கும் ஓய்வூதியர்கள் குறைவல்ல. இருவரின் கட்டணத்தையும் உங்கள் பான் எண்ணிலேயே செலுத்தினால், மனைவி பெயரில் தனியாகத் தாக்கல் செய்யும் வேலை மிச்சம்.

விசாவில் பணம் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. உங்கள் பயணத்திட்டத்தில் பெல்ஃபாஸ்ட் நகரமும் ஜயண்ட்ஸ் காஸ்வே கற்தூண்களும் உள்ளன. அவை அயர்லாந்துக் குடியரசில் இல்லை, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தில் இருக்கின்றன. எல்லையில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை என்பதால் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்தியர்களுக்கு ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் செல்ல உதவும் பிரிட்டிஷ்–அயர்லாந்து விசா ஏற்பாடு இருக்கிறது. அதற்கான குறிப்பு உங்கள் விசாவில் இடம்பெறுமா என்று கேளுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இந்தப் பயணத்தில் எங்குமே உதவாது, ஏனெனில் அயர்லாந்து அந்த அமைப்பில் இல்லை. அயர்லாந்து விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். நிறுவனமோ 60 நாள்களுக்கு முன்பே முழுத் தொகையையும் கேட்கிறது. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றாக வேண்டும். வடக்கில் செலவுக்குப் பவுண்டு வேண்டும். அங்குள்ள வங்கிகள் வெளியிடும் நோட்டுகளை இங்கே மாற்றுவது கடினம் என்பதால் அவற்றை அங்கேயே செலவழித்துவிடுங்கள். அட்டையில் செலுத்தும்போது ரூபாயிலா, யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

வழிகாட்டியுடன் செல்வது இந்த விலைக்குத் தகுமா என்பதற்கு என் பதில், மேற்கிலும் வடக்கிலும் தகும், டப்ளினில் தகாது என்பதே. அட்லாண்டிக் கடலிலிருந்து 214 மீட்டர் உயரம் வரை எழும் மோஹர் பாறைகளுக்கோ, சுமார் 179 கிலோமீட்டர் நீளமுள்ள கெர்ரி வளையச் சாலைக்கோ இரயில் இல்லை. குறுகிய கிராமச் சாலைகளில் வாடகைக் கார் ஓட்டுவது முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்றதல்ல. 1845 முதல் 1852 வரையிலான பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டு, ஏறத்தாழ அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறிய வரலாறு மேற்குப் பகுதியான கானமாராவின் வெறிச்சோடிய மலைச்சரிவுகளைப் பார்த்தால் மட்டும் விளங்காது; சொல்ல ஆள் வேண்டும். வட அயர்லாந்தில் இரு தரப்பினரின் நீண்ட வன்முறை மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998-இன் புனித வெள்ளி உடன்படிக்கைக்குப் பின்னும் பெல்ஃபாஸ்டில் நிற்கும் மதில்களும் சுவரோவியங்களும் அப்படித்தான். ஆகவே அங்கே உள்ளூர் வழிகாட்டி உண்டா, பேருந்திலிருந்தே காட்டிவிட்டு நகர்வார்களா என்று கேளுங்கள்.

டப்ளினிலோ தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், முகலாயச் சிற்றோவியங்களும் உள்ள செஸ்டர் பீட்டி நூலகம் ஆகிய மூன்றுக்கும் அனுமதி இலவசம். டிரினிட்டி கல்லூரியிலுள்ள கெல்ஸ் நூல் எனப்படும் பழமையான நற்செய்திக் கையெழுத்துச் சுவடியைப் பார்க்கக் கட்டணம் உண்டு. அது தொகுப்பில் அடங்கியுள்ளதா என்று பாருங்கள். கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்ட நியூகிரேஞ்ச் கல்லறைக்குள் செல்லும் இடங்கள் குறைவு. முன்பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ 40,000 எரிமலைக் கற்தூண்கள் நிற்கும் ஜயண்ட்ஸ் காஸ்வேயில் கற்களின் மீது நடக்கக் கட்டணமே இல்லை. பார்வையாளர் மையத்துக்குத்தான் சீட்டு. ஐரிஷ் இசை இரவு என்று கூடுதல் பணம் கேட்கும் நிகழ்ச்சியை நான் விட்டுவிடுவேன். கால்வே மதுக்கூடங்களில் அதே இசையை ஒரு பழச்சாற்றின் விலையில் கேட்கலாம். (நீங்கள் திருநெல்வேலிக்காரர் என்பதால் ஒரு செய்தி: இடையன்குடியில் அடக்கமாகியுள்ள கால்டுவெல் 1814-இல் பிறந்த கிளாடி, காஸ்வே இருக்கும் அதே ஆண்ட்ரிம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே போவதில்லை. அதற்காகத் தனி வண்டி பிடிப்பதா என்பது உங்கள் விருப்பம்.)

மே மாதத்தைச் சொன்னதற்குக் காரணம், ஜூலை, ஆகஸ்டின் நெரிசலும் உச்ச விலையும் அப்போது இருக்காது. பகல் பொழுதோ 16 மணி நேரம் நீளும். இடைப்பட்ட காலத்தில் மாதம் மிஞ்சும் 29,000 ரூபாய்க்குச் சற்று மேலான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்தால் ஓராண்டில் சுமார் மூன்றரை லட்சம் ஆகும். மீதி 6,30,000 ரூபாயை முதிரும் வங்கி வைப்பிலிருந்து எடுங்கள். வைப்பில் மிஞ்சும் 2,70,000 ரூபாயும் சேமிப்புக் கணக்கும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் கையிருப்பாக நிற்கும். அடுத்த ஆண்டுக் கட்டணம் உயர்ந்து அந்த ஐந்து லட்சத்தைத் தொட வேண்டி வந்தால், பத்து நாள் திட்டத்தை எட்டு நாளாக்கி, டப்ளினில் தங்கும் இரவுகளைக் குறைத்து விலை கேளுங்கள்.