499 ரூபா லைஃப்டைம் கீயும் திருவல்லிக்கேணி பேஜ்மேக்கரும்

சென்னைல கம்ப்யூட்டர் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி 22 வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கறேன். இப்ப கொஞ்ச வருஷமா சின்ன ஆபீஸ்களுக்கு லைசென்ஸ் கணக்கு சரி பண்ணிக் கொடுக்கறதுதான் முக்கால்வாசி வேலை. ஆன்லைன்ல சாஃப்ட்வேர், அதைத் திறக்கற கீ நம்பர்னு வாங்கி ஏமாந்தவங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க கேளுங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. கிராக், அதாவது பூட்டு உடைச்ச திருட்டு சாஃப்ட்வேர், அந்த லிங்க் மட்டும் கேக்காதீங்க.

பெரம்பூர்: அண்ணா, விண்டோஸ் 11 ப்ரோ லைஃப்டைம் கீ 499 ரூபான்னு பாத்து வாங்கிட்டேன். அடிச்சா ஏற மாட்டேங்குது. வித்தவன் வாட்ஸப்ல வந்து போன் ஆக்டிவேஷன் போங்க, ஸ்க்ரீன்ல வர்ற நம்பரை போட்டோ எடுத்து அனுப்புங்கறான். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீங்க தம்பி. அந்த ஸ்க்ரீன் எனக்கு மனப்பாடம். மேல ஒம்போது கூட்டமா நீள நம்பர் இருக்கும், கீழ ஏ-லருந்து ஹெச் வரைக்கும் எட்டு காலி கட்டம். மேல இருக்கறதை நீங்க அனுப்பினா கீழ போட வேண்டியதை அவன் அஞ்சு நிமிஷத்துல அனுப்புவான், அடிச்சா ஆக்டிவேட்டும் ஆயிடும், நீங்களும் சந்தோஷமா அஞ்சு ஸ்டார் போட்டுருவீங்க. ஆக்டிவேட் ஆச்சுங்கறது வேற, ஒரிஜினல்ங்கறது வேற, இதைப் புரிஞ்சுக்கிட்டாலே பாதி பேர் ஏமாற மாட்டாங்க.

கீல மூணு வகை இருக்கு. ரீடெய்ல்னா தனியா காசு கொடுத்து வாங்கறது, மெஷின் போனா எடுத்துப் புது மெஷின்ல போட்டுக்கலாம். ஓஇஎம்னா புது லேப்டாப்போட சேந்து வர்றது, அந்த மதர்போர்டோட அதோட ஆயுசு முடிஞ்சுது. மூணாவது வால்யூம், கம்பெனியோ காலேஜோ மொத்தமா வாங்கறது, ஒரே கீ நிறைய மெஷின்ல ஏறும், ஆனா அது அவங்க மெஷினுக்கு மட்டும்தான். 499க்கு விக்கறதுல நான் பாத்தது பெரும்பாலும் இந்த மூணாவதுலருந்து கசிஞ்சது. ஆன்லைன்ல ஏத்தற கணக்கு தீந்து போயிருக்கும், அதனாலதான் அவன் போன் வழியா சுத்திக்கிட்டு வரான். மைக்ரோசாஃப்ட் அந்த கீயை பிளாக் பண்ற அன்னிக்கு உங்களுக்கு பட்டை நாமம், அவன் அந்தக் கடைப்பேரையே மாத்தியிருப்பான்.

ஏற்கெனவே போட்டவங்க செக் பண்ண: சிஎம்டிங்கற கட்டளை விண்டோவைத் திறந்து எஸ்-எல்-எம்-ஜி-ஆர், ஒரு ஸ்பேஸ், ஒரு ஸ்லாஷ், டி-எல்-ஐ அடிங்க, சின்னதா ஒரு பெட்டி வரும், எந்த வகைன்னு அதுலயே போட்டிருக்கும். வீட்டு மெஷின்ல வால்யூம் கேஎம்எஸ்னு வந்துச்சுன்னா அது 180 நாள் ஆக்டிவேஷன், நடுநடுவுல ஏதோ ஒரு சர்வரைப் போய்ப் பாத்து புதுப்பிச்சுக்கும். உங்க மெஷின் யாரோட சர்வரைப் போய்ப் பாக்குதுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பணத்துக்கு, வாங்கின சைட்லயே ரிட்டர்ன் போடுங்க, ஒத்துக்கலைன்னா 1915, நுகர்வோர் உதவி எண்.

வேளச்சேரி: சார், நான் டியூஷன் சென்டர் வெச்சிருக்கேன். ஆபீஸ் 365, அஞ்சு டிவைஸ், லைஃப்டைம், 650 ரூபான்னு வாங்கினேன். ஒரு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்பினாங்க. ஆறு மாசமா நல்லாதான் ஓடுது. இது ஒரிஜினல்தானே?

பதில்: மேடம், சாஃப்ட்வேர் ஒரிஜினல், கணக்கு உங்களுது இல்ல. 365ங்கறது மாச, வருஷ சந்தா, அதுல லைஃப்டைம்னு ஒரு சரக்கே கிடையாது. உங்களுக்கு வந்த மெயில் ஐடில @ குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க, கேள்விப்படாத ஒரு காலேஜ் இல்ல கம்பெனி பேர் இருக்கும். அந்த இடத்து அட்மின் நெனச்சா உங்க ஃபைல் எல்லாம் ஆன்லைன்ல இருக்கற ஒன்டிரைவைத் திறந்து பாக்கலாம், பாஸ்வேர்டை மாத்தலாம், ஐடியையே அழிக்கலாம். போன வருஷம் ஒரு டீச்சரம்மா இப்படித்தான் எங்கிட்ட வந்தாங்க, மூணு வருஷ கொஸ்டின் பேப்பர் மொத்தமும் அந்த ஐடில, ஒரு காலைல பாத்தா லாகின் ஆகல. என்னால ஒண்ணும் பண்ண முடியல. இன்னிக்கு ராத்திரியே எல்லா ஃபைலையும் உங்க ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கிடுங்க. கேள்வித்தாள் அடிக்க லிப்ரே ஆபீஸே போதும், காசு கிடையாது, தமிழ் நல்லா வரும்.

கொளத்தூர்: விண்டோஸ் 10 கீ 299 ரூபா. ஒரிஜினலா?

பதில்: பெரம்பூருக்குச் சொன்னதேதான். அதுவும் போக விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது. அதுக்கு இப்ப எதுக்கு கீ?

கிண்டி: அண்ணா, இன்ஜினியரிங் செகண்ட் இயர். சீனியர் பென்டிரைவ்ல ஆட்டோகேட் கிராக் கொடுத்தாரு. அதுல ஒரு நோட்பேட் ஃபைல்ல "ஃபர்ஸ்ட் டிஃபெண்டரை ஆஃப் பண்ணு"ன்னு இருக்கு. ஆஃப் பண்ணலாமா?

பதில்: ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னா அங்கயே நிறுத்திடணும். வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிட்டு வர்றேன்னு சொல்றவனுக்கு கதவைத் திறப்பீங்களா? 2021ல கேஎம்எஸ்பிகோன்னு, கீ வாங்காம விண்டோஸை ஏத்தற ஆக்டிவேட்டர் ஒண்ணோட பேர்ல போலி இன்ஸ்டாலர் சுத்துச்சு, உள்ள கிரிப்ட்பாட்னு ஒரு திருட்டு புரோகிராம், பிரவுசர்ல சேவ் பண்ணின பாஸ்வேர்ட், கிரிப்டோ வாலட் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போச்சு. ஆக்டிவேட்டும் பண்ணிக் கொடுத்ததால யாருக்கும் சந்தேகமே வரல.

உங்களுக்கு இது தேவையே இல்ல. ஆட்டோடெஸ்க் ஸ்டூடண்ட்ஸுக்கு ஓசியாவே தருது, படிக்கறதுக்கு ஆதாரம் காட்டினா ஒரு வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம். மேட்லாபுக்கு காலேஜ்ல லைசென்ஸ் இருக்கான்னு லேப் சாரைக் கேளுங்க, இல்லன்னா அதே மாதிரி ஓசில கிடைக்கற ஆக்டேவ் போடுங்க. அந்த பென்டிரைவை ஃபார்மட் பண்ணிட்டு சீனியர்கிட்ட திருப்பிக் கொடுங்க.

அண்ணா நகர்: புதுப் படம் டெலிகிராம்ல பாத்தா மாட்டுவோமா?

பதில்: அது என் ஏரியா இல்ல. வக்கீலைக் கேளுங்க.

தாம்பரம்: ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன், கடைக்காரர் விண்டோஸ் போட்டுக் கொடுத்து 800 ரூபா தனியா வாங்கினாரு. இப்ப திடீர்னு "ஆக்டிவேட் விண்டோஸ்"னு மூலையில எழுத்து வருது.

பதில்: இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலான கேஸ். விண்டோஸ் 8 காலத்துலருந்து பெரிய கம்பெனி லேப்டாப்ல கீ மதர்போர்டுக்குள்ளயே எழுதி வரும். உங்க மெஷின்ல விண்டோஸ் ஹோமுக்கு உண்டான கீ இருந்திருக்கும், அவரு அதைக் கண்டுக்காம ப்ரோங்கற வேற பதிப்பைப் போட்டு ஆக்டிவேட்டர் அடிச்சிருப்பாரு. அதாவது சொந்த வீட்டுச் சாவியை பாக்கெட்ல வெச்சுக்கிட்டு பூட்டை உடைக்கக் காசு கொடுத்திருக்கீங்க. டேட்டாவை எடுத்து வெச்சுட்டு, மைக்ரோசாஃப்ட் சைட்லருந்தே இன்ஸ்டாலேஷன் பென்டிரைவ் செஞ்சு சுத்தமா போடுங்க. கீ இருந்துச்சுன்னா அதுவே எடுத்துக்கும். அடுத்த தடவை பில்லுல விண்டோஸ்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அங்கயே தெரிஞ்சுடும்.

முகப்பேர்: ஜெர்மனி சைட் ஒண்ணுல சட்டப்படி செகண்ட் ஹேண்ட் கீன்னு கம்மி விலைக்குத் தராங்களே?

பதில்: நல்ல கேள்வி. 2012 ஜூலைல ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் வழக்குல, காலவரையில்லாம வித்த லைசென்ஸை வாங்கினவன் திரும்ப விக்கலாம், ஆனா தன் காப்பியை அழிச்சுடணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அங்க அது நெஜமான வியாபாரம். ஆனா அது ஐரோப்பிய யூனியன் சட்டம், முகப்பேர்ல உக்காந்து அதைக் காட்ட முடியாது. அந்தத் தீர்ப்பைப் படம் போட்டு எந்தக் கீயை வேணா விக்கறவனும் இருக்கான்.

மாம்பலம்: சின்ன ஆடிட்டர் ஆபீஸ் சார், ஆறு மெஷின். ஒரு லைசென்ஸ் வாங்கி ஆறுலயும் போட்டிருக்கோம். நாங்க காப்பி அடிச்சு விக்கலையே, யூஸ்தான் பண்றோம். தப்பா?

பதில்: யூஸ் பண்றதே தப்புதான் சார். 1957 காப்பிரைட் சட்டத்துல 63பி பிரிவு, திருட்டு காப்பின்னு தெரிஞ்சே கம்ப்யூட்டர்ல பயன்படுத்தினா குறைஞ்சது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் ஜெயில், அபராதம் 50,000லருந்து 2 லட்சம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லன்னா கோர்ட் ஜெயிலைத் தவிர்த்து 50,000 வரைக்கும் அபராதத்தோட விடலாம்னும் இருக்கு, ஆனா ஆடிட்டர் ஆபீஸ் அந்தக் கணக்குல வராதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரிஜினல் வெச்சிருக்கறவர் பேக்கப்புக்கு காப்பி எடுத்து வெச்சுக்கறது தப்பில்ல. ஆறு மெஷின்ல ஓட்டறது பேக்கப் இல்ல.

திருவல்லிக்கேணி: நான் கேள்வி கேக்க வரல சார். 1998லருந்து டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கற வேலை பண்றேன். பர்மா பஜார் திருட்டு சிடில வந்த பேஜ்மேக்கர்தான் அதுக்கு சாஃப்ட்வேர், அதோடவே வந்த தமிழ் ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் நோட்டீஸ்னு ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்சேன். அன்னிக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்னா சென்னைல பாதி டிடிபி கடை இருந்திருக்காது. அமெரிக்காக்காரனுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?

பதில்: அண்ணே, நானும் அந்த சிடிலதான் தொழில் கத்துக்கிட்டேன், ஒளிச்சு என்ன ஆகப் போகுது. வெள்ளி சிடி, மேல பச்சை மார்க்கர்ல பேர், உள்ள சீரியல் நம்பர் போட்ட ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அமெரிக்காக்காரனுக்காக நான் அழப் போறதில்ல. ஆனா அதே சிடில தமிழ் ஃபான்ட்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு பாருங்க, அதை வரைஞ்சது அமெரிக்காக்காரன் இல்ல. இங்க நம்ம ஊர்ல ஒரு ரூம்ல உக்காந்து வரைஞ்ச ஆளு. உகர ஊகார வரிசை மட்டும் 18 மெய்க்கு 36 எழுத்து, கு வேற, சு வேற, ணு வேற, எல்லாம் தனித்தனியா வரையணும். அதுல ஒரு பைசா அவருக்குப் போகல.

ராயப்பேட்டை: அந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். பதினாலு மாசம் வரைஞ்சேன். வாங்கினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். சிவகாசி காலண்டரைப் பாத்தா என் 'ழ' தொங்குது. அப்புறம் ஃபான்ட் பக்கமே போகல, இப்ப ஃபிளெக்ஸ் பிரிண்டிங்.

திருவல்லிக்கேணி: உங்க அட்ரஸ் அந்த சிடில இருந்திருந்தா கொடுத்திருப்பேன் சார். நெஜமா.

ராயப்பேட்டை: இருந்துச்சு. ஃபான்ட்டோட வர்ற ரீட்மீ குறிப்பு ஃபைல்ல. சிடி போட்டவன் அதை அழிச்சுட்டான்.

சோழிங்கநல்லூர்: பாஸ், எல்லா மெஷின்லயும் தமிழ் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் காலத்துல இன்னுமா பேஜ்மேக்கர்? எல்லாத்தையும் ஓப்பன் சோர்ஸ்ல விட்டிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல.

பதில்: வரைஞ்சவர் விடறதும், அவரைக் கேக்காம நாம எடுத்துக்கறதும் ஒண்ணா தம்பி? இன்னிக்கு மனசார விட்டவங்க இருக்காங்க, இல்லன்னு சொல்லல. நோட்டோ, கேடமரன், முக்தா மலர், மீரா இனிமை எல்லாம் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், பத்திரிகைல போடலாம், போஸ்டர்ல போடலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

பல்லாவரம்: அண்ணா, விண்டோஸ் 11 கீ 599 ரூபா, ரேட்டிங் நல்லா இருக்கு, ஒரிஜினலா?

பதில்: மேல படிங்க.

திருவல்லிக்கேணி: அந்த ஃபான்ட்டெல்லாம் பேஜ்மேக்கர்ல போட்டா கட்டம் கட்டமா வருதே சார்?

பதில்: அதுல சரியா வராது அண்ணே, பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பேஜ்மேக்கர் மாதிரியே வேலை செய்யற ஸ்கிரைபஸ் 1.6 போட்டுப் பாருங்க, காசு இல்ல, தமிழ் ஒழுங்கா கோக்கும். கை பழக ஒரு மாசம் ஆகும், திட்டுவீங்க. உங்க பழைய ஃபைல் எல்லாம் அந்த ஃபான்ட்டோட சொந்தக் கணக்குல அடிச்சது, ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் கிறுக்கல்தான் தெரியும், கன்வெர்ட்டர் போட்டு மாத்தணும். எந்த விண்டோஸ்?

திருவல்லிக்கேணி: எக்ஸ்பி. நெட் கிடையாது. கஸ்டமர் பென்டிரைவ் மட்டும்தான் போடுவேன். ஆன்டிவைரஸ் போட்டா ஸ்லோவாகுதுன்னு பையன் ஆஃப் பண்ணி வெச்சிருக்கான்.

மாதவரம்: சார், விண்டோஸ் கீ 350 ரூபாய்க்கு...

பதில்: இல்ல. இல்ல. இல்ல.

அண்ணே, எக்ஸ்பிக்கு சப்போர்ட் நின்னு போனது 2014 ஏப்ரல்ல. அதுல ஊர்ல இருக்கற பென்டிரைவ் எல்லாம் போட்டுக்கிட்டு, வாட்ச்மேனையும் அனுப்பிட்டீங்க. பேக்கப் எங்க வெச்சிருக்கீங்க?

திருவல்லிக்கேணி: பேக்கப்பா? எல்லாம் அந்த மெஷின்லயேதான் இருக்கு. இருபது வருஷ பத்திரிகை. நேத்துலருந்து ஆன் பண்ணும்போது டக் டக்னு ஒரு சத்தம் வருது.

பதில்: இப்ப ஓடிக்கிட்டு இருக்கா? புதுசா ஒண்ணும் திறக்காதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, பென்டிரைவ் போடாதீங்க. கடை எந்தத் தெருன்னு எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, ஒரு புது ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கிட்டு வரேன். மத்தவங்க கேள்விக்கு ராத்திரி பதில் போடறேன், கீ ஒரிஜினலான்னு கேட்டவங்களுக்கு இல்ல.

ராயப்பேட்டை: அந்த ஃபோல்டர்ல என் ரீட்மீ இருக்கான்னு பாருங்க.