அமெரிக்காவில் வறட்சி வந்தால் மாடு வளர்ப்பவர்களுக்கு அரசு நிவாரணப் பணம் எந்தக் கணக்கில் கிடைக்கிறது?

டெக்சஸின் வடகோடியில் இருக்கும் பான்ஹேண்டில் பகுதியில் மாடு வளர்க்கும் சில குடும்பங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் நிலத்தில் புல் காய்ந்துவிட்டதா என்று பார்த்து இந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 1999 முதல் வியாழக்கிழமைதோறும் ‘டிராட் மானிட்டர்’ என்று நாடு முழுமைக்கும் ஒரு வறட்சி வரைபடம் வருகிறது. லேசான வறட்சியான டி0 முதல் மிகக் கடுமையான டி4 வரை ஐந்து நிலைகள். மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஏதோ ஒரு மூலையில் டி3 நிறம் விழுந்தாலும் போதும், கவுன்டி முழுவதற்கும் மூன்று மாதப் பணம். டி4 விழுந்தால் நான்கு மாதம், அது மொத்தம் நான்கு வாரம் இருந்தால் ஐந்து. டி2 மட்டும் என்றால் முன்பு எட்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். 2025 சட்டத்தில் அதை நான்கு வாரமாகக் குறைத்து ஒரு மாதப் பணம் என்று ஆக்கினார்கள்.

இதனால் என்ன ஆகும் என்றால், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கவுன்டி, அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காய்ந்து கிடக்கும். ஒருவருக்குப் பணம் வரும், எதிரே இருப்பவருக்கு வராது. அவரிடம் போய் வரைபடத்தை விளக்குவது சங்கடமான வேலை.

‘மாதப் பணம்’ என்றாலும் முழுத் தீவனச் செலவு இல்லை, அதில் 60 சதவீதம்தான். அதுவும் மாட்டின் எண்ணிக்கைப்படி ஒரு கணக்கு, அந்த நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று இன்னொரு கணக்கு. இரண்டில் எது குறைவோ அது. நூறு மாடு தாங்கும் நிலத்தில் இருநூறை விட்டவருக்கு இருநூறுக்குப் பணம் வராது. சரியான விதிதான். தீவனம் தாங்காமல் மாட்டை முன்பே விற்றவருக்கும், விற்ற மாட்டுக்கு அந்த விகிதத்தில் 80 சதவீதம் உண்டு. இது இல்லையென்றால் பணத்துக்காகவே எலும்பும் தோலுமான மாடுகளைக் கட்டி வைத்திருப்பார்கள்.

மாடு செத்தால் அது வேறு திட்டம்: சந்தை விலையில் 75 சதவீதம். 2024 பிப்ரவரியில் இங்கே ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது, ஏழாயிரத்துக்கும் அதிகமான மாடுகள் போயின. அப்போதுதான் சட்டைப் பையில் வைக்கும் சின்ன நோட்டின் மதிப்பு பலருக்குப் புரிந்தது. எந்தக் காது வில்லை எண், எப்போது கன்று போட்டது என்று கிரீஸ் கறையோடு பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள். தீக்கு முன்னால் எத்தனை இருந்தன, எத்தனை செத்தன என்று காட்ட அதுவும் தேதியுள்ள போட்டோவும்தான் கைகொடுக்கும்.

அப்புறம் குத்தகை. இங்கே பாதிப் பேர் நிலம் வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது. நிலத்துக்காரர் இறந்து, வாரிசுகள் வேறு மாநிலத்தில் இருந்தால், பணம் கேட்கும்போது மேய்ச்சல் உரிமையைக் காட்ட ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் என்னிடம் வருபவர்களிடம் மாட்டுக் கணக்கைக் கேட்பதற்கு முன்பே குத்தகைக் காகிதத்தைத்தான் கேட்கிறேன்.