ராத்திரி பத்து மணிக்கு எந்த லேப்டாப்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், காட்பாடியில் 22 ஆண்டுகளாக லேப்டாப் சர்வீஸ் கடை நடத்துபவர். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை விட்ட படிப்பை மறுபடி தொடங்கியவர்களின் கடிதங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 41 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் பில் போடும் வேலை. குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறேன். கல்யாணத்தின்போது பாதியில் விட்ட பி.காம். படிப்பை இந்த வருடம் தொலைநிலைக் கல்வியில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். சீட்டு எடுத்த பணம் 45,000 ரூபாய் கையில் இருக்கிறது. வேலூரில் ஒரு கடையில் ஐ7 லேப்டாப்பை 42,000-க்குத் தருகிறேன் என்கிறார்கள். நாத்தனார் மகன் கேமிங் லேப்டாப்தான் உழைக்கும் என்கிறான். பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோ, “உனக்கு டேப்லெட்டே போதும்மா” என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாம், குடியாத்தம்.

பதில்: அண்ணா என்று எழுதிவிட்டீர்கள். அந்த உரிமையில் முதலில் நான் ஒன்று கேட்கிறேன். எத்தனை மணிக்குப் படிக்கப்போகிறீர்கள்? மூன்று பேர் யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூட இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆம்பூரில் ரயில் பிடித்து, பச்சகுப்பம், மேல்பட்டி, வளத்தூர் தாண்டி இறங்கி, ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வந்து, உலை வைத்து, எல்லாரும் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். ஆக, உங்கள் காலேஜ் ராத்திரி பத்துக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடும் காலேஜ். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் நீங்கள் லேப்டாப் வாங்குகிறீர்கள்.

இதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 47 வயதில் எனக்கும் படிப்பு ஆசை வந்து தபாலில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். ஊருக்கெல்லாம் லேப்டாப் சொல்லும் ஆள், எனக்கென்று வாங்கும்போது புத்தி எங்கே போனதோ, இரண்டரைக் கிலோவில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். முதல் நாள் ராத்திரி பாளையக்காரர்கள் பாடத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வீடியோவும் ஓடவிட்டேன். உள்ளே ஃபேன் பிடித்துக்கொண்டது. அடுத்த அறையிலிருந்து வீட்டுக்காரி குரல்: “இன்னாங்க, இந்நேரத்துல மாவு மெஷின் ஓட்றீங்களா?” மூன்று மாதம் கழித்து அதை வாலாஜாவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு அது தங்கமாக உழைக்கிறது. எனக்கு நஷ்டம் 14,000. கேமிங் லேப்டாப்பில் தனியாக ஒரு கிராபிக்ஸ் சிப் உண்டு. அதன் சூட்டைத் தள்ளத்தான் அத்தனை சத்தம், அத்தனை எடை, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். பி.காம். பாடத்தில் அந்தச் சிப்புக்கு ஒரு வேலையும் கிடையாது. நாத்தனார் மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அடுத்து அந்த ஐ7, அதாவது இன்டெல் கம்பெனியின் சிப். கடையில் மாடலின் முழு எண்ணைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள். ஐ7 என்பதற்குப் பின்னால் ஒரு கோடு போட்டு வரும் எண்ணில்தான் சங்கதி. 10 என்று தொடங்கினால் அது 10-ஆம் தலைமுறை, 2019-இல் வெளிவந்த சிப். 8 என்று தொடங்கினால் அதைவிடப் பழசு. 12 அல்லது 13 என்று தொடங்கும் ஐ3 உங்கள் வேலைக்கு அந்தப் பழைய ஐ7-க்குச் சளைத்ததல்ல, கரண்டும் குறைவாகக் குடிக்கும். புது மாடல்களில் இன்டெல் அந்த ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டு கோர் 3, கோர் 5 என்று போடுகிறது. அதைப் பார்த்து டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். இன்டெல்லுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் சிப்பில் இன்னொரு கண்கட்டு இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு, அண்ணன் தம்பி போல இருக்கும். எண்ணில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் உள்ளே இருப்பது பழைய வடிவமைப்பு, நான்கு கோர், அதாவது சிப்புக்குள் வேலை செய்யும் நான்கு மூளை. 3 என்றால் அதற்கு அடுத்தது, ஆறு கோர். நம் ஊர் லுங்கியை லேபிளைப் பார்த்தா வாங்குகிறோம்? விரலால் தேய்த்துப் பார்க்கிறோம் இல்லையா, அப்படித்தான் இதுவும்.

வேலை ஓடும்போது பயன்படும் நினைவகமான ரேம் 8 ஜிபிக்குக் குறைந்து வேண்டாம். விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே மூன்று, நான்கு ஜிபியைப் பிடித்துக்கொள்கிறது. “இன்னொரு ரேம் போட ஸ்லாட் இருக்கா?” என்று கேளுங்கள். சில மாடல்களில் ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு நானே நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபைல்களைச் சேமித்து வைக்க 512 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். எஸ்எஸ்டிக்குப் பதில் ‘இஎம்எம்சி 64 ஜிபி’ என்று மலிவான சேமிப்புச் சிப் போட்ட லேப்டாப் கண்ணில் பட்டால் அந்த அட்டையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு நகருங்கள். விண்டோஸ் அப்டேட் இரண்டு முறை வந்தாலே இடம் நிறைந்துவிடும்.

இதெல்லாம் கடைக்காரரிடம் கேட்டால் தெரிந்துவிடும். நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு, என்னைக் கேட்டால் அவைதான் முக்கியம்.

41 வயதுக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும், இல்லை வந்துகொண்டிருக்கும். கடைக்குப் போகும்போது கண்ணாடியை மறக்காதீர்கள். உங்கள் பாடப் புத்தகத்தின் பிடிஎஃப் ஒன்றை பென் டிரைவில் போட்டு எடுத்துப்போய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுதாகப் படித்துப் பாருங்கள். திரை பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தால் உங்கள் வீட்டு டியூப்லைட்டும் அதில் தெரியும். மங்கலான பூச்சுள்ள, பக்கவாட்டில் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் பேனல் போட்ட திரையாகக் கேளுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் செட்டிங்கில் 125 சதவீதம் வைத்தால் சரியாகிவிடும்.

அளவைப் பற்றி எனக்கே கொஞ்சம் தடுமாற்றம்தான். பொதுவாக 14 அங்குலம்தான் சொல்வேன், எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். ஆனால் நீங்கள் நாளெல்லாம் பில் போடுகிறவர். வலது கை தானாகக் கீபோர்டின் வலது ஓரத்து எண் பகுதியைத் தேடும். 14 அங்குலத்தில் அநேகமாக அது இருக்காது, 15.6 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்கும். உங்களுடையது வீட்டில்தான் இருக்கப்போகிறது, அதனால் 15.6 வாங்குங்கள். ரயிலில் அதை எடுத்துப்போகும் எண்ணமே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மடியில் டிபன் பை வைக்கவே இடமில்லை. ரயிலுக்கு போன் போதும், பாடத்தை அதில் இறக்கிப் படித்துக்கொள்ளலாம்.

கீபோர்டில் விளக்கு எரியுமா என்று பாருங்கள். மகள் அதே அறையில் தூங்கினால் பெரிய விளக்கை அணைத்துவிட்டும் வேலை ஓடும். தரையில் உட்கார்ந்து படிப்பீர்கள் என்றால் பழைய கணக்குப்பிள்ளை மேசை ஒன்று தேடிப் பிடியுங்கள், அதைவிட நல்ல லேப்டாப் ஸ்டாண்டு கிடையாது. மெத்தையில், தலையணைமேல் மட்டும் வைக்காதீர்கள். அடியில் காற்று போகும் துவாரம் அடைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரம் முடிந்து என் கடைக்கு வரும் உப்பிய பேட்டரிகளைப் பார்த்தால் தெரியும், இந்த ஊர் வெயிலும் முழு சார்ஜும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று. முக்கால்வாசி பிராண்டுகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள். மே மாதம் ஷீட் போட்ட அறையில் பகலில் விட்டுவைக்க வேண்டாம்.

கரண்ட் போனால் லேப்டாப் தாங்கும், வைஃபை பெட்டி தாங்காது. வீடியோ வகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் சொன்ன டேப்லெட் படிக்க மட்டும் சரி. கணக்கு எழுதும் மென்பொருளான டாலி அதில் ஓடாது, எக்செல்லும் விரலால் தடவித் தடவி உயிரை வாங்கும். டாலி கற்க லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. எஜுகேஷன் மோடில் இலவசமாகத் திறக்கும். மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்குத்தான் வவுச்சர் போடவிடும், பழகுவதற்கு அது போதும். ஒன்று மட்டும் முதலில் உங்கள் படிப்பு மையத்தில் கேட்டுவிடுங்கள்: அசைன்மெண்டைக் கையால் எழுதித் தரவேண்டுமா, டைப் செய்து தரலாமா? இன்னும் பல இடங்களில் கையால்தான் கேட்கிறார்கள். லேப்டாப்பில் இருபது பக்கம் அடித்து முடித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து பேனாவில் எழுதிய ஆள் நான்.

45,000 முழுவதையும் லேப்டாப்பில் கொட்டாதீர்கள். ஒரு மவுஸ், ஒரு பை, கையில் ஒரு மூவாயிரம் மிச்சம் இருக்கட்டும். பில் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பெயரிலோ மகள் பெயரிலோ வேண்டாம். ஆட்கள் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டியா, தூக்கிக்கொண்டு வேலூர் வரவேண்டுமா என்றும் கேளுங்கள். சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஒரு நாள் லீவு போடுகிற உங்களுக்கு அந்த வித்தியாசம் பெரிசு. அப்புறம், மகளுக்கும் அதிலேயே தனியாக ஒரு அக்கவுண்ட் திறந்து கொடுங்கள். அவளுக்கு ஆறு முதல் எட்டு. பத்து மணிக்கு மேல் அது உங்களுடையது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தம்பி பிளஸ் டூ படித்தபோது கொடுத்த அரசு லேப்டாப் பரணில் இருக்கிறது. நான் இப்போது எம்.ஏ. படிக்கிறேன். அதையே சரிசெய்து ஓட்டலாமா?
– வாசகர், சோளிங்கர்.

பதில்: பாதி ஓட்டலாம். 2011-இல் தொடங்கிய திட்டம் அது, உங்களுடையது எந்த வருடம் என்று எழுதவில்லை. முதலில் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள், மேடாக இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, சார்ஜரைச் செருகவே வேண்டாம். நன்றாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் ஏற்றினால் நம்பமுடியாத அளவுக்கு எழுந்து ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14 அக்டோபர் 2025 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது அதைவிடப் பழசு என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள், படிக்கவும் எழுதவும் அருமையாக இருக்கும். செலவு மூவாயிரம், நாலாயிரத்தைத் தாண்டுகிறது என்றால் நிறுத்திவிட்டு, ஆபீஸ்களில் இருந்து வரும் செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பைப் பாருங்கள். அதில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண் வரும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு இறங்கியிருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: எம்.காம். படிக்க மேக்புக் வாங்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி.

பதில்: அழகான பொருள். ஆனால் டாலி விண்டோஸுக்கானது. வேண்டாம்.

கேள்வி: 52 வயதில் எம்.ஏ. தமிழ். ஆய்வேடு தமிழில் டைப் செய்யவேண்டும். அதற்கென்று தமிழ் எழுத்து அச்சிட்ட கீபோர்டு உள்ள லேப்டாப் கிடைக்குமா?
– வாசகி, ஆரணி.

பதில்: அதைத் தேடி அலையாதீர்கள் அம்மா. எந்த லேப்டாப்பிலும் தமிழ் அடிக்கலாம். விண்டோஸ் 11-லேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது, மொழி செட்டிங்கில் சேர்த்தால் போதும். 1999-இல் அரசு ஏற்ற அமைப்பு அது, உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். எழுத்து ஒட்டிய ஸ்டிக்கர் தாள் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் ஸ்டிக்கரைப் பார்க்க மாட்டீர்கள். உங்கள் கைடு பழைய பாமினி எழுத்துருவில் ஏதாவது அனுப்பினால் உங்கள் திரையில் புரியாத எழுத்தாகத் தெரியும், எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் நானும் மாற்றித் தருகிறேன், பென் டிரைவோடு ஒரு நாள் கடைப்பக்கம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.